60 பேர் சாப்பாட்டுக்கு எத்தனை மாட்டின் சாணம்?

ஒரு கோயில் அன்னதான மடத்தில் மதியம் 60 பேருக்குச் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ரசம். இவ்வளவையும் சாண வாயுவிலேயே சமைத்து இறக்க நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ பச்சைச் சாணம் தேவை. கட்டிப்போட்டுத் தீனி போடும் மாடு ஒன்றிடமிருந்து தினம் 10 கிலோ அள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் 20 மாடு. கொழும்பின் கொட்டாஞ்சேனையில் 20 மாட்டை எங்கே கட்டுவது?

கொழும்பில் பயோகேஸ் (சாணத்தையும் கழிவையும் தொட்டியில் அடைத்து எடுக்கும் எரிவாயு) பற்றிய பேச்சு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். 2022இல் வெற்று கேஸ் சிலிண்டரோடு வரிசையில் காத்துக் கிடந்த பிறகு பலருக்கும் இந்த ஆசை வந்தது. ஆசை வந்தவர்கள் முதலில் விசாரிப்பது தொட்டி என்ன விலை என்று. தொட்டியைக் கட்டுவது இரண்டு மூன்று வார வேலை. அதற்குத் தினமும் தீனி எங்கிருந்து வரும், யார் போடுவார்கள், அது கழிப்பதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பவை தொட்டி இருக்கும் காலமெல்லாம் கூடவே வரும் வேலை.

பெயரைப் பற்றி ஒரு சொல். இதை ‘உயிர்வாயு’ என்று எழுதுவோர் உண்டு. அதைப் படித்து ஒட்சிசன் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. ஆகவே இங்கே பயோகேஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

தொட்டிக்குள் நடப்பது

மாட்டின் வயிற்றில் தொடங்கியதே தொட்டிக்குள் தொடர்கிறது. தின்ற புல்லில் செரிந்தது போக மிச்சம் சாணமாக விழும்போது, செரிக்கவைத்த நுண்ணுயிர்களும் கூடவே விழுகின்றன. அந்தச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்யும். முதல் கூட்டம் நாரையும் மாப்பொருளையும் உடைத்து அமிலமாக்கும். இரண்டாம் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மெதேன் விடும். முதல் கூட்டம் வேகமானது, முரடு, எதையும் தாங்கும். மெதேன் விடும் கூட்டம் மெல்லப் பெருகும்; ஒட்சிசன் ஆகாது; புளிப்பு ஏறினால் வேலையை நிறுத்திவிடும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு இந்த வேக வித்தியாசம்தான் காரணம்.

கிடைக்கும் வாயுவில் 55 முதல் 65 வீதம் மெதேன். மிச்சத்தில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. அதோடு கொஞ்சம் நீராவி, சிறிதளவு ஐதரசன் சல்பைட்டு. அழுகிய முட்டை நாற்றம் இந்தக் கடைசி ஆளுடையது. ஒழுங்காக எரியும் அடுப்பில் அந்த நாற்றம் இருக்காது, சோற்றிலும் ஏறாது. வாசலில் சாணம் தெளித்து, சாணத்தில் பிள்ளையாரும் பிடித்து வைக்கிற நாம் ‘சாணக் கேஸில் அன்னதானமா’ என்று முகம் சுளிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்த நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 35 பாகை செல்சியஸ் மிகவும் பிடிக்கும். கொழும்பின் சராசரி 27, 28 பாகை, சூடாக்கத் தேவையில்லை. உள்ளே போன சாணம் 40 நாள் தங்கினால் போதும். நுவரெலியாக் குளிரில் இதே தொட்டி மந்தமாகிவிடும், அங்கே இன்னும் பெரிய தொட்டி வேண்டும்.

கணக்கு

ஒரு கிலோ பச்சைச் சாணம் 35 முதல் 40 லீற்றர் வாயு தரும். ஒரு கன மீற்றர் (1,000 லீற்றர்) பயோகேஸ் ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்கு, அல்லது மூன்றரைக் கிலோ விறகுக்குச் சமம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு 12.5 கிலோ சிலிண்டர் தரும் சூட்டைச் சாணத்திலிருந்து எடுக்க 28 கன மீற்றர் வாயு, அதாவது முக்கால் தொன் சாணம் வேண்டும். இதைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுவார்கள். அவசரப்பட வேண்டாம்.

மொத்தமாகச் சமைக்கும்போது ஒருவரின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 120 லீற்றர் வாயு என்று வைக்கலாம். 60 பேருக்கு 7,200 லீற்றர். சாணத்தை மட்டும் நம்பினால் இதுதான் தொடக்கத்தில் சொன்ன 200 கிலோ. இதே கணக்கு கிராமத்திலேயே பிசகியிருக்கிறது. கர்நாடகத்தின் புரா கிராமத்தில் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஊர்ப் பொதுத் தொட்டி கட்டினார்கள். ஊர் மாடுகளின் சாணம் எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை. பிறகு 1987 முதல் அந்த வாயுவில் இயந்திரம் ஓட்டி, விளக்கெரிக்கவும் தண்ணீர் இறைக்கவும் பயன்படுத்தினார்கள். மாடு நிறைந்த ஊருக்கே அந்த நிலை என்றால் நகரத்தில் எச்சரிக்கை இன்னும் வேண்டும்.

நகரத்தில் குறைவாகக் கிடைப்பது சாணம். தாராளமாகக் கிடைப்பது சாப்பாட்டுக் கழிவு. மிஞ்சிய சோறு, கறி, வடித்த கஞ்சி போன்றவை கிலோவுக்கு 80 முதல் 100 லீற்றர் வாயு தரும், சாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். மாட்டின் வயிறு சாணத்தில் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துவிட்டது, சோற்றில் யாரும் எடுக்கவில்லை. பேலியகொடை மெனிங் சந்தையில் ஒதுக்கும் கோவா இலை, பூசணிக்காய் போன்றவை பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அவற்றில் கிடைப்பது குறைவு. ஆக, 12 மாட்டின் 120 கிலோ சாணமும் 30 கிலோ சாப்பாட்டுக் கழிவும் சேர்ந்தால் ஏறத்தாழ 7 கன மீற்றர் வந்துவிடும். நகர ஓரத்துப் பால் பண்ணை ஒன்றோடு பேசி ஒருநாள் விட்டு ஒருநாள் லொறியில் எடுப்பது நடக்கக்கூடிய காரியம். இரண்டு நாளுக்கு மேற்பட்டு வெயிலில் காய்ந்த சாணம் வேண்டாம். அதன் வாயுவில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும்.

கழிவே இவ்வளவு தருமென்றால் சாணம் எதற்கு? நுண்ணுயிரைக் கொண்டுவருவது அதுதான்; புளிப்பு ஏறாமல் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். கழிவை மட்டும் தின்னும் தொட்டி திடீர் திடீரென்று படுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குவோர் போடும் எடையில் நாலில் ஒரு பங்கைக் கழிவு தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு சாணங்களும் உண்டு. கோழி எச்சம் அதிக வாயு தரும். ஆனால் அமோனியா கூடி நுண்ணுயிரை வாட்டும் என்பதால் மாட்டுச் சாணத்தோடு கலந்தே போட வேண்டும். ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்து நசுக்காவிட்டால் அப்படியே மிதக்கும். யானைச் சாணம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், உள்ளே பெரும்பாலும் செரியாத நார். நறுக்காமல் போட்டால் குழாயை அடைக்கும்.

இனித் தொட்டியின் அளவு. சாணத்துக்கும் கழிவுக்கும் சம எடை தண்ணீர் சேர்த்தால் தினம் 300 லீற்றர். 40 நாளால் பெருக்க 12,000 லீற்றர், அதாவது 12 கன மீற்றர். இதற்கு மேல் வாயு தங்கும் இடம். தொட்டி 24 மணி நேரமும் வாயு விடும். குசினியில் அடுப்பு எரிவது காலை 8 முதல் 12 வரை மட்டும். மிச்சம் 20 மணி நேரத்து வாயுவைப் பிடித்து வைக்க 6 கன மீற்றர் இடம் வேண்டும். இரண்டு வேளை சமைக்கும் இடமென்றால் 4 கன மீற்றரே போதும். வீட்டுத் தொட்டியின் படத்தை அப்படியே பெரிதாக்கி அன்னதான மடத்துக்குக் கட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான்: இரவெல்லாம் சேர்ந்த வாயு இடமில்லாமல் வெளியேறிவிடும், 11 மணிக்குப் பருப்பு அரைவேக்காட்டில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை 200 பேர் வருவார்கள் என்றால்? அந்த ஒரு நாளுக்காகத் தொட்டியைப் பெரிதாக்க வேண்டாம். அன்றைக்கு சிலிண்டரைத் திறவுங்கள். சிலிண்டரை முற்றாக விட்டொழிக்கும் திட்டத்தைவிட அதன் செலவைப் பெரிதாகக் குறைக்கும் திட்டம் நீண்டகாலம் நிற்கும்.

எந்தத் தொட்டி

செங்கல்லும் சிமெந்தும் வைத்து நிலத்துக்கடியில் கட்டும் குவிமாடத் தொட்டி சீனாவிலிருந்து பரவியது. இந்தியாவில் 1984இல் வந்த ‘தீனபந்து’ அதன் செலவு குறைந்த தம்பி. அசையும் பாகம் இல்லை. நன்றாகக் கட்டினால் 20 ஆண்டு உழைக்கும். ஆனால் குவிமாடத்தின் உட்பூச்சில் மயிர்க்கோடு வெடிப்பு விழுந்தாலும் வாயு கசியும். வீட்டுச் சுவர் பூசும் மேசன் பாஸ் எல்லோருக்கும் இது கைவராது. மிதக்கும் மூடி வைத்தது இன்னொரு வகை: வாயு சேரச் சேர மூடி உயரும், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும், அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். இரும்பு மூடி கொழும்பின் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், ஃபைபர் மூடியே பொருத்தம். மூன்றாவது, தடித்த பிளாஸ்டிக் துணியில் செய்த பை. விலை குறைவு, நிலத்துக்கு மேலேயே வைக்கலாம். ஆயுளும் குறைவு, காகமும் பூனையும் எதிரி. ஏகலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோல் போன்றவற்றை அதிகம் தண்ணீரில்லாமல் அடைத்து வைத்து வாயு எடுக்கும் முறையை உருவாக்கியது. தினமும் சாணம் கிடைக்கும் இடத்துக்கு அது தேவைப்படாது.

கொழும்பில் குழி தோண்டும் முன் நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நாலடி தோண்டினாலே ஊற்றெடுக்கும் இடங்கள் இங்கே பல. வெற்றுத் தொட்டி நீருக்குள் ஒரு வள்ளம்: 12 கன மீற்றர் தொட்டி முழுக்க நிலத்தடி நீரில் மூழ்கியிருந்தால் 12 தொன் விசை அதை மேலே தள்ளும். உள்ளே கரைசல் நிறைந்திருக்கும்வரை அமைதியாக இருக்கும். துப்புரவு செய்ய மழைக்காலத்தில் முழுதாக இறைத்தால் மேலே கிளம்பி விரிசல் விட்டுவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் பாதி மேலே பாதி கீழே கட்டுவதோ, நிலத்துக்கு மேலே வைக்கும் வகையை எடுப்பதோ மேல். கிணறு இருந்தால் குறைந்தது 15 மீற்றராவது தள்ளியே இருக்கட்டும்.

முதல் மாதமும் அதன் பிறகும்

சாணத்தையும் தண்ணீரையும் கலக்கும் தொட்டியில் கரைசல் தோசை மாப் பதத்தில் இருக்க வேண்டும். அகப்பையால் அள்ளி ஊற்றினால் இழுபடாமல், தண்ணீராகவும் தெறிக்காமல் வழிய வேண்டும். தடித்தால் மேலே ஏடு கட்டும். நீர்த்தால் மண்டி அடியில் தங்கி வாயு குறையும். வைக்கோல், தும்பு, கயிறு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுங்கள். கொட்டில் மண்தரை என்றால் சாணத்தோடு மணல் வரும். ஆகவே கலக்கும் தொட்டியின் வெளிவழித் துளை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். கரைத்துச் சில நிமிடம் விட்டால் மணல் கீழே நிற்கும், கரைசல் மட்டும் உள்ளே போகும். இந்த இரண்டு அங்குலத்தை மறந்த தொட்டிகள் சில ஆண்டுகளில் கால்வாசி மணலாக இருக்கும்.

முதல் நிரப்பலுக்குச் சாணம் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேறு தொட்டியின் கரைசல் சில வாளி கிடைத்தால் உறைமோர் போல உதவும். சில நாளிலேயே வாயு வரும், எரியாது. அது காபனீரொட்சைட்டும் உள்ளே இருந்த காற்றும். திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். இந்தக் கட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பது ஆபத்து, காற்றோடு கலந்த மெதேன் வெடிக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நீலச் சுடர் நிலைக்கும். அதன்பிறகே நாள் தீனி. கழிவை 5 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 5 கிலோவாகக் கூட்டினால் ஆறாம் வாரம் 30 கிலோவைத் தொடலாம்.

போடக்கூடாதவை: எலும்பு, முட்டைக்கோது, தேசிக்காய்த் தோல், பொரித்த எண்ணெய், ஊறுகாய் போல உப்பேறியவை. பினாயில், பிளீச்சிங் பவுடர், சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளி போனாலும் நுண்ணுயிர் வாடும். கொட்டில் கழுவிய தண்ணீரைச் சிக்கனமாக நினைத்துத் தொட்டிக்கு விடுவோர் இதைத்தான் செய்கிறார்கள். நோய்க்கு அன்டிபயோட்டிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

தொட்டி படுத்துக்கொண்டால்

திருவிழாவுக்கு அடுத்த நாள் வழக்கமாக நடப்பது இது: மிஞ்சிய சோறு 100 கிலோவையும் ‘வாயு கூடட்டும்’ என்று ஒரேயடியாகக் கொட்டுவார்கள். முதல் நாள் வாயு கூடும். இரண்டாம் நாள் சுடர் மெலியும், மூன்றாம் நாள் பற்றவே பற்றாது. வெளிவரும் கரைசலில் சாண மணம் போய்ப் புளித்த வாடை அடிக்கும். அமிலமாக்கும் முரட்டுக் கூட்டம் சோற்றைப் பாய்ந்து தின்றுவிட்டது. மெதேன் கூட்டத்தால் அந்த அமிலத்தைத் தின்று முடிக்க இயலவில்லை. புளிப்பின் அளவைக் காட்டும் பீ.எச். தாளை அதில் நனைத்துப் பாருங்கள்: 6.8 முதல் 7.5 வரை நலம், 6.5க்குக் கீழே நோய். மருந்து பட்டினிதான். ஒரு வாரம் எதுவும் போடாமல் விட்டு, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தினம் கொஞ்சம் விட்டு, பீ.எச். 7ஐத் தொட்டதும் சாணம் மட்டும் பாதியளவில் தொடங்க வேண்டும். சுண்ணாம்பை ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் மறுபக்கம் போய்விடும்.

கரைசல் நலமாக இருந்தும் வாயு குறைந்தால் கசிவு அல்லது ஏடு. கசிவை வால்வுகளிலும் இணைப்புகளிலும் சவர்க்கார நுரை தடவிக் கண்டுபிடிக்கலாம். தீக்குச்சியால் தேடக்கூடாது.

குழாயும் அடுப்பும்

தொட்டியிலிருந்து வரும் வாயு ஈரமானது. குழாயில் குளிர்ந்து தண்ணீராக நிற்கும். குழாய் எங்கேயாவது தொய்ந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அடுப்பில் சுடர் விம்மி விம்மி எரியும். சாண வாயு அடுப்பின் மிகப் பொதுவான முறைப்பாடு இதுவே, கேஸ் முடிந்துவிட்டது என்று தவறாக நினைப்பதும் இதையே. குழாய் ஒவ்வொரு மீற்றருக்கும் ஓரிரு சென்ரி மீற்றர் சரிவாக ஒரு பக்கம் இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்கும் திருகோடு முடிய வேண்டும். ஐதரசன் சல்பைட்டு செம்பையும் பித்தளையையும் அரிக்கும், பீ.வி.சி. குழாயும் துருவேறா உருக்கு வால்வும் நல்லது. வழியில் துருப்பிடித்த இரும்புத் துருவல் அடைத்த ஒரு குடுவை வைத்தால் ஐதரசன் சல்பைட்டில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். துருவலை வெளியே எடுத்துக் காற்றில் வைக்கும்போது சூடேறும், எரியும் பொருள் அருகில் வேண்டாம்.

வீட்டுச் சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைத்தால் சரிவராது. சிலிண்டர் கேஸ் ரெகுலேட்டர் வழியாக ஏறத்தாழ 300 மில்லி மீற்றர் நீரழுத்தத்தில் வரும். பயோகேஸ் அடுப்புக்கு 80 போதும். வாயு வெளிவரும் ஜெட் துளை அங்கே ஒரு மில்லி மீற்றருக்கும் குறைவு, இங்கே 2க்கு மேல் வேண்டும். காற்றும் குறைவாகவே தேவை. மணிக்கு 0.9 கன மீற்றர் எரிக்கும் பெரிய அடுப்பு இரண்டு, நாலு மணி நேரம் எரிந்தால் நம் 7.2 கன மீற்றர் கணக்கு முடிந்துவிடும். சுடர் நீலமாகக் கிண்ணென்று நிற்க வேண்டும். மஞ்சள் நுனி காட்டினால் காற்று போதவில்லை; துளையை விட்டு எழும்பிப் பறந்தால் காற்று கூடிவிட்டது.

‘மிச்ச வாயுவைச் சிலிண்டரில் அடைக்கலாமா?’ முடியாது. சிலிண்டர் கேஸ் சாதாரண வெப்பத்தில் அழுத்தினாலே திரவமாகும். மெதேன், மைனஸ் 82 பாகைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அதை அழுத்தி நிரப்பும் பொறி வேறு, சிலிண்டர் வேறு. பழைய சிலிண்டரில் முயல்வது உயிரோடு விளையாட்டு.

தொட்டிக்கருகே ஒளிபுகும் ரியூப்பை ‘ப’வைப்போல வளைத்து, வண்ணத் தண்ணீர் ஊற்றிக் குழாயில் பொருத்தினால் அதுவே அழுத்தமானி. ரியூப்பின் இரண்டு பக்கங்களிலும் நீர்மட்டம் ஒன்றாகிவிட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேலும் எரித்தால் குழாய்க்குள் காற்றுப் புகும், தீயும் பின்னால் ஓடும். தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக்கூடாது. காலியாகத் தெரியும் தொட்டியிலும் மூச்சுவிட ஒட்சிசன் இருக்காது. ஐதரசன் சல்பைட்டு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே இறப்பதுதான் இத்தகைய விபத்துகளின் வழக்கம்.

வெளியே வரும் 300 லீற்றர்

உள்ளே தினம் 300 லீற்றர் போனால் வெளியேயும் ஏறக்குறைய அவ்வளவே வரும். கொழும்பில் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கே. நைதரசன் குறையாத நல்ல பசளை அது, புதுச் சாணத்தைவிட நாற்றமும் குறைவு. ஆனால் மழைநீர்க் கானிலோ பேரே வாவிக்குப் போகும் கால்வாயிலோ விட்டால் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி மீனைக் கொல்லும். மணல் படுகையில் வடித்து, திண்மத்தைக் கூட்டெருவாக்கி, வடிந்த நீரில் ஒரு பாதியை மறுநாள் சாணம் கரைக்கத் திருப்பி விடலாம். முழுவதையும் திருப்பினால் அமோனியா சேரும். மிஞ்சும் நீரை ஒன்றுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் கீரைக்கும் ஊற்றலாம்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது சேதனப் பசளைக்கு அலைந்த தோட்டக்காரர்கள் நகர ஓரமெங்கும் இருக்கிறார்கள். சாணம் கொண்டுவரும் லொறி திரும்பிப் போகும்போது பீப்பாய்களில் இதை ஏற்றி அனுப்பினால் இரண்டு பக்கக் கூலியும் வீணாகாது. எடுத்துக்கொள்ள ஒருவர் உறுதியாகச் சம்மதித்த பிறகு மேசன் பாஸைக் கூப்பிடலாம்.